நாற்பத்தோராம் பெட்டியில் விழுந்த வெயில்

எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. இத்தாலியன் ஒருவன் ஒரு கடதாசியை நீட்டி, விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, 'ஃபிர்மா' என்று சொன்னால் போதும், கையெழுத்தை வைத்துவிடுவார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவாம். கேட்டால் வேலை போய்விடுமாம். பதினொரு வருடமாக நான் பலெர்மோவின் கால்சாப் பகுதியில் ஒரு பத்ரொனாத்தோவில் இருக்கிறேன். வேலைக்கு வந்தவர்களின் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுக்கும் அலுவலகம் அது. என் மேசைக்கு வரும் தமிழர்களில் பாதிப் பேர் கையெழுத்தை வைத்த பிறகுதான் வருகிறார்கள். "இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாருங்கோ சிவானுஜா" என்பார்கள். வைத்த பிறகு பார்த்து என்ன செய்ய? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால்தான் குகனேஸ்வரி அக்கா கையெழுத்து வைக்காத ஒரு கடதாசியோடு வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. போன வருடத்துக்கு முந்தைய வருடம், மார்ச் மாதம். வெளியே எட்டுப் பேர் வரிசையில் நிற்க, அவர்களைத் தாண்டி நேரே உள்ளே வந்து, கடதாசியை என் விசைப்பலகையின் மேல் போட்டார்.

"வாசி பிள்ளை. ஒரு சொல்லும் விடாமல் வாசி."

வாசித்தேன். காலஞ்சென்ற டொத்தோரே வசால்லோவின் சேகரிப்பில் நாற்பத்தோராம் பெட்டியில் இருந்த பூச்சிகளையும் அவற்றின் லேபிள்களையும் இரண்டாயிரத்துப் பத்தொன்பது ஜூலையில் தான் கழற்றியதாகவும், திரும்பப் பொருத்தும்போது லேபிள்கள் இடம் மாறியிருக்கக் கூடும் என்றும் கீழே கையெழுத்திடுபவர் ஒப்புக்கொள்கிறார். இவ்வளவுதான். அழகான இத்தாலியன். ஒரு பிழை இல்லை.

அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிக்கவில்லை, மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். வரிசையில் நின்ற மொரீஷியஸ்காரி ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"மாத்தினனானோ? நானோ? உந்தக் கதையை ஆர் கட்டினது?"

"அக்கா, இதாலை உங்களுக்குப் பொலிஸ், கேஸ் எண்டு ஒண்டும் வராது. பூச்சியளைப் பாக்க வந்த மியூசியத்து ஆக்கள் ஒரு கட்டுரை எழுதுகினம். அதுக்கு ஒரு ஆதாரமாய்க் கேக்கினம்."

"பொலிஸ் வந்தால் பதில் சொல்லலாம் பிள்ளை. புத்தகத்திலை வந்தால் ஆருக்குப் பதில் சொல்லுறது?"

பதினொரு வருடத்தில் அந்த மேசைக்கு முன்னால் இருந்து யாரும் இப்படிப் பேசியதில்லை.

அக்காவைப் பற்றி இங்கே பலெர்மோவில் கேட்டால், 'வாய்க்காரி' என்பார்கள். உண்மைதான். கோயில் கூட்டத்தில் எழும்பி நின்று தலைவரைக் கேள்வி கேட்டவர். பஸ்ஸில் தன்னை 'நீ' என்று கூப்பிட்ட பெடியனை இறக்கிவிடப் பார்த்தவர். தொண்ணூற்றெட்டில் வந்தவர், கரவெட்டிப் பக்கம். கணவர் தவராசா வுச்சீரியாச் சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். அவர் ஒரு நாளைக்குப் பேசும் சொற்களைக் கை விரலில் எண்ணிவிடலாம். மிச்சத்தை அக்கா பேசிவிடுவார். மகள் அபிதா மிலானோவில் தாதியாக இருக்கிறாள்.

அக்கா ஒன்பது வருடம் லிபெர்த்தா வீதியில் டொத்தோரே வசால்லோவின் வீட்டில் வேலை செய்தார். நாலாம் மாடி, மேற்கே பார்த்த நீண்ட பல்கனி. டொத்தோரே பல் வைத்தியர், மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சகோதரியின் மகன் ஒரேயொரு மருமகன். வீட்டில் இருந்ததெல்லாம் பூச்சி. அறுபத்து மூன்று கண்ணாடி மூடிப் பெட்டிகள் நிறைய, ஊசி குத்திய பெரிய காட்டுப் பட்டு அந்துப்பூச்சிகள். உள்ளங்கை அகலத்துக்கு இறகு விரித்தவை. டொத்தோரேயின் தகப்பன் கப்பலில் எஞ்சினியராக இருந்தபோது கரிபியன் தீவுகளில் பிடித்துக் கொண்டுவந்தவைதான் முக்கால்வாசி. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு ஊசி. அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே நகம் அளவில் ஒரு கடதாசித் துண்டு. அதில் தகப்பனின் ஊதா மையில் தீவின் பெயர், மலையின் பெயர், தேதி. அந்தத் துண்டு இல்லாவிட்டால் பூச்சி வெறும் குப்பை. எங்கே பிடித்தது என்று தெரியாத பூச்சியை எந்த விஞ்ஞானியும் தொடமாட்டான் என்று டொத்தோரே சொல்லுவாராம்.

அக்காவுக்குப் பூச்சி என்றாலே அருவருப்பு. "செத்த சாமானுக்கு என்ன தூசி தட்டுறது" என்று என்னிடம் எத்தனையோ தரம் புறுபுறுத்திருக்கிறார். ஆனால் டொத்தோரேக்குக் கண் போயிற்று. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, ஓரத்தில் மட்டும் நிழல் தெரிகிற நோய். எழுத்து வாசிக்க முடியாது, முகம் தெரியாது. பூச்சி எங்கே தெரியப் போகிறது? அதற்குப் பிறகு சமையல், துணி, மருந்து, குளிப்பாட்டுவது எல்லாவற்றோடும் பெட்டிகளும் அக்காவின் தலையில் விழுந்தன.

இனி அந்த ஜூலை. டொத்தோரே விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிளினிக்கில் கிடந்தார். வீட்டில் தனியாக இருந்த அக்கா, நாற்பத்தோராம் பெட்டியின் அடியில் மரத்தூள் மாதிரி ஏதோ உதிர்ந்து கிடப்பதைக் கண்டார். உற்றுப் பார்த்தால் உள்ளே சின்ன மயிர்ப் புழு. வண்டு விழுந்துவிட்டது.

வண்டு விழுந்தால் யாழ்ப்பாணத்துப் பெண் என்ன செய்வாள்? உழுந்தில் விழுந்தாலும் பயறில் விழுந்தாலும் ஒரே மருந்துதான். வெயிலில் போடுவாள், வேப்பிலை போட்டு மூடி வைப்பாள். அக்காவும் அதைத்தான் செய்தார். தமிழ்க் கடையில் காய்ந்த வேப்பிலை வாங்கினார். மூடியைக் கழற்றி, பெட்டியைப் பல்கனி மேசையில் வைத்தார். ஐந்து நாள், மத்தியானம் தொடங்கிப் பொழுது படும் வரைக்கும், பலெர்மோவின் ஜூலை வெயில். காற்றுக்குப் பறக்காமல் பக்கத்திலேயே இருந்து காவலும் காத்தார். பிறகு பெட்டியைத் துடைத்து, புதுக் கடதாசி விரித்து, பூச்சிகளைத் திரும்பக் குத்தி, மூலைக்கு மூலை வேப்பிலை போட்டு மூடினார். வண்டு செத்தது. நிறமும் செத்தது. செம்மண் நிறத்தில் இருந்த இறகெல்லாம் பழைய சாக்கு நிறமாகிவிட்டன.

பட்டுப்பூச்சியை வெயிலில் வைக்கக் கூடாது என்று அக்காவுக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் பிழை பிழைதான், அக்கா அதை மறைக்கவில்லை. அடுத்த நாளே கிளினிக்குக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இன்ன பெட்டியை இன்னபடி செய்துபோட்டேன் என்று தானாகச் சொன்னார். கண் தெரியாத மனுசன். வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சாகும்வரை அவருக்குத் தெரிந்திருக்காது. டொத்தோரே கத்தினாராம், 'கொலைகாரி' என்றாராம். தாதி ஓடி வந்தாளாம். இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் அக்காவின் ரசம் வேண்டும் என்று கேட்டாராம். அத்தோடு அது முடிந்தது என்று அக்கா நினைத்தார்.

அடுத்த வசந்தத்தில் கொரோனா வந்தது. ஊரடங்கு. வெளியே போய் வரும் வேலைக்காரி வேண்டாம் என்று மருமகன் சொன்னதால் அக்கா மூன்று மாதம் அந்த வீட்டிலேயே தங்கினார். செய்ய வேறு வேலை இல்லை. டொத்தோரே பெட்டிகளுக்கு ஒரு பட்டியல் போட நினைத்தார். ஒவ்வொரு பூச்சியாக அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும், அவர் ஒலிப்பதிவுக் கருவியில் பேசுவார். இறகின் கோடு எத்தனை, வளைவா நேரா, கண் மாதிரிப் புள்ளி உண்டா, கொம்பு சீப்பு மாதிரியா. அக்கா முதலில் சினந்தார். பிறகு, பார்க்கிறதைப் பிழையாகச் சொல்லக் கூடாது என்ற ரோசம் வந்துவிட்டது. வீட்டிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்.

நாற்பத்தோராம் பெட்டியில் பதினெட்டுப் பூச்சிகள். எல்லாம் ஹெயிட்டித் தீவின் மலைகளில் பிடித்தவை, எல்லாம் ஒரே இனம் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. எல்லாவற்றிலும் முன் இறகில் செதில் இல்லாத, ஊடு தெரிகிற ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அக்கா கடைசி வரிசைக்கு வந்தபோது சொன்னார், இந்த ஐந்துக்கும் பின் இறகிலும் ஜன்னல் இருக்கிறது, மற்றப் பதின்மூன்றுக்கும் இல்லை.

வண்டு தின்ற ஓட்டையாக இருக்கும் என்றார் டொத்தோரே. ஓட்டை இல்லை, தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரித் தோல் இருக்கிறது, ஐந்திலும் ஒரே இடம், ஒரே அளவு என்றார் அக்கா. டொத்தோரே கருவியை நிறுத்தினாராம். பிறகு அக்காவின் கையைத் தட்டி, "பிராவா, குகானா, பிராவா" என்றாராம். அந்தப் பிராவாவை அக்கா எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்! இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் அவருக்கு யாரும் வாய் நிறையச் சொன்ன ஒரே பாராட்டு அது.

மூன்று வருடத்துக்குப் பிறகு டொத்தோரே செத்தார். கடைசி வாய்த் தண்ணீர் கொடுத்தது அக்கா. மருமகன் வந்து வீட்டைப் பூட்டினார், சேகரிப்பை வடக்கே ஒரு மியூசியத்துக்குக் கொடுக்கத் தீர்மானித்தார். அங்கிருந்து லொரென்சா என்ற ஆராய்ச்சிக்காரி பெட்டிகளைப் பார்க்க வந்தாள். அவள் அனுப்பியதுதான் என் மேசையில் கிடந்த கடதாசி.

அக்கா கடதாசியோடு வந்த அன்றிரவு தவராசா அண்ணர் எனக்குப் போன் எடுத்தார். அவர் போன் எடுத்ததே அதிசயம்.

"வைச்சுக் குடுக்கச் சொல்லும் பிள்ளை. அந்தாள் செத்தாச்சு. இவளுக்கென்ன நட்டம்?"

"அண்ணை, செய்யாததைச் செய்தனெண்டு நீங்கள் கையெழுத்து வைப்பியளோ?"

"வைச்சிருக்கிறன்" என்றார். "கனதரம்."

அதற்கு மேல் அவரை ஏச எனக்கு மனம் வரவில்லை. வேறு யாரையோ ஏச வேண்டியிருந்தது, யாரை என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அக்காவோடு லிபெர்த்தாவுக்குப் போனேன், மொழிபெயர்ப்பாளர் என்று. அக்காவுக்குக் கதைக்கிற இத்தாலியன் என்னைவிட நன்றாக வரும், எழுதினதை வாசிக்கத்தான் கஷ்டம். லொரென்சா கதவைத் திறந்தாள். நாற்பது வயதிருக்கும், மெல்லிய குரல், சிரித்த முகம். எனக்கு இந்தச் சிரித்த முகங்கள்தான் கூடுதலாகக் கோபம் தரும். கத்துகிறவனோடு கத்தலாம்.

கோப்பி தந்தாள். "இது உங்களைக் குற்றம் சொல்வது அல்ல சிஞ்ஞோரா. நல்ல மனத்தோடுதான் செய்தீர்கள். எங்களுக்கு ஒரு தெளிவு வேண்டும், அவ்வளவுதான்" என்றாள்.

"தெளிவோ? நான் சொல்லுறன் கேளுங்கோ" என்றார் அக்கா. (இத்தாலியனில்தான் சொன்னார். அக்காவின் இத்தாலியனை அக்காவின் தமிழில்தான் எனக்கு எழுத வரும்.) "நான் பூச்சியையும் துண்டையும் பிரிக்கவே இல்லை. ஊசியோடை எடுத்தனான், ஊசியோடை வைச்சனான். ஒண்டை எடுத்துத் துடைச்சு, அதைத் திரும்பக் குத்தினாப் பிறகுதான் மற்றதைத் தொட்டனான். என்ரை பெர்மெஸ்ஸோ விசாவுக்கு எத்தினை விடியப்புறம் குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலை நிண்டனான் தெரியுமோ? அங்கை ஒரு நாள் என்ரை படத்தை வேறை ஒருத்தியின்ரை கடதாசியிலை ஒட்டிப் போட்டாங்கள். ஒன்பது மாதம் நான் நானில்லை. கடதாசி மாறினால் என்ன நடக்குமெண்டு எனக்கு நீங்கள் சொல்லித் தரத் தேவையில்லை."

லொரென்சா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை. பின் இறகிலும் ஜன்னல் உள்ள பூச்சிகள் அந்தத் தீவில் கிடையாது, தென்னமெரிக்கப் பெருநிலத்தில்தான் உண்டு என்று விளக்கினாள். பெருநிலத்துப் பெட்டி ஏதோ ஒன்றிலிருந்து இந்த ஐந்தும் தவறுதலாக இந்த லேபிள்களுக்கு வந்திருக்க வேண்டும். கட்டுரையில் ஒரே ஒரு வரி, 'வீட்டுப் பணியாளரால் லேபிள்கள் இடம் மாறியவை' என்று. பெயர்கூட வராது.

"பேர் வராட்டில்? அந்த வீட்டிலை வேலை செய்தது எத்தினை பேர்? நான் ஒருத்தி."

"சிஞ்ஞோரா, இது என் ஊகம் அல்ல" என்று சொல்லி லொரென்சா ஒரு கறுப்புக் குறிப்புக் கொப்பியை எடுத்தாள். டொத்தோரேயின் கொப்பி. கண் போன பிறகு அவர் சொல்லச் சொல்ல ஒரு சிநேகிதர் எழுதியது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டொத்தோரே கோணல் கையெழுத்து வைத்திருந்தார். இரண்டாயிரத்து இருபது, ஒக்டோபர். லொரென்சா வாசிக்கத் தொடங்க, நான் கொப்பியை வாங்கி நானே வாசித்தேன்.

'பெட்டி 41: கடைசி வரிசை ஐந்தின் லேபிள்களை நம்ப வேண்டாம். போன வருடக் கோடையில் வேலைக்காரி குழப்பிவிட்டாள்.'

பிராவா சொல்லி ஆறு மாதம் ஆகவில்லை.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. கோப்பிக் கோப்பையைத் தட்டில் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அந்தக் கொப்பியைக் கிழித்து யன்னலால் எறிய வேண்டும் போலிருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த நேரத்தில் பழி வந்து விழுந்த இடம் அக்கா உட்கார்ந்திருந்த நாற்காலி.

"பெட்டியைக் கொண்டு வாங்கோ" என்றார் அக்கா. குரலில் கத்தல் இல்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. "துண்டுகளைக் கழற்றுங்கோ. நான் இண்டைக்கும் கழற்ற மாட்டன். நீங்களே கழற்றுங்கோ. கையெழுத்து ஒருத்தற்றையோ எண்டு பாப்பம்."

லொரென்சா மறுக்கவில்லை. எப்படியும் படம் எடுக்கக் கழற்றத்தான் இருந்தாளாம். கடைசி வரிசையில் முதல் பூச்சியின் ஊசியிலிருந்து இடுக்கியால் மெதுவாகத் துண்டை இறக்கி வெள்ளைத் தட்டில் வைத்தாள். ஊதா மை வெயிலுக்கு நிற்காது. பூச்சிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தில் எழுத்து அழிந்து போயிருந்தது. இறகு மறைத்திருந்த நடுப்பகுதியில் எழுத்து அப்படியே ஊதாவாக இருந்தது. அந்த ஊதாவுக்குள்ளே வெள்ளரி விதை அளவில் வெளிறிய ஒரு கீறல். மலையின் பெயரை அது குறுக்கே வெட்டியிருந்தது.

லொரென்சா அதைக் கறை என்று நினைத்தாள். இரண்டாவது துண்டை இறக்கினாள். அதே இடத்தில் அதே கீறல். அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பல்கனியைப் பார்த்தார்.

"வெயில்" என்றார்.

"என்ன?"

"வெயில்தான். அந்த மேசையிலை, தலை வடக்கை பாக்கத்தான் பெட்டியை வைச்சனான். பின்னேர வெயில் இஞ்சாலைப் பக்கமாய்ச் சரிஞ்சு விழும். பின் இறகின்ரை ஜன்னலுக்குள்ளாலை பூந்து துண்டிலை பட்டிருக்கு. வெயில் நகர நகர அதுவும் நகர்ந்து கோடாப் போட்டுது. ஊரிலை கிடுகு ஓட்டையாலை விழுகிற வெயிலைப் பாத்ததில்லையோ நீங்கள்? முன் இறகின்ரை ஜன்னல் எட்டக் கிடக்கு, அந்த வெயில் துண்டிலை விழாது. பின் இறகிலை ஜன்னலில்லாத பூச்சிக்குக் கீழை உந்தக் கோடு எப்பிடி வரும்?"

லொரென்சாவின் சிரிப்பு போயிற்று. பிறகு துண்டை அதே ஊசியில் அதே உயரத்தில் திரும்பக் குத்தி, யன்னலை மூடி, கைத்தொலைபேசியின் விளக்கைப் போட்டு, மேற்குப் பக்கமிருந்து சரித்துப் பிடித்தாள். பின் இறகின் ஜன்னலால் ஒரு வெளிச்சப் பொட்டு கீழே விழுந்தது. விளக்கை மெதுவாக இறக்கினாள். பொட்டு கீறலின் ஒரு நுனியில் ஏறி, மற்ற நுனி வரைக்கும் போய் நின்றது. வெளியே ஒரு மயிரளவும் போகவில்லை.

ஐந்து துண்டுகளையும் அப்படிப் பார்த்தாள். ஐந்திலும் சரி. பிறகு மற்றப் பதின்மூன்றையும் கழற்றினாள். ஒன்றிலும் கீறல் இல்லை. ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. அக்கா உட்காரவே இல்லை.

கடைசியில் லொரென்சா நாற்காலியில் விழுந்தது மாதிரி இருந்தாள். "வெயிலில் வைத்த அன்று இந்த லேபிள்கள் இந்தப் பூச்சிகளுக்குக் கீழேதான் இருந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் மாற்றவில்லை" என்றாள்.

"அதைத்தானே நான் முதல் சொன்னனான்."

"சிஞ்ஞோரா, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் தொடங்கினாள். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அந்தத் தீவில் ஒரேயொரு பெண் பூச்சியைப் பிடித்துப் பெயர் வைத்தாராம். பின் இறகிலும் ஜன்னல் என்று எழுதினாராம். அந்தப் பூச்சி உலக யுத்தத்தில் எரிந்து போயிற்று. அதற்குப் பிறகு யாரும் காணவில்லை. அப்படியொரு இனமே இல்லை, பாதிரியார் லேபிளை மாற்றிக் குத்திவிட்டார் என்று பிறகு ஒருவர் கட்டுரை எழுதி, பட்டியலில் இருந்து பெயரையும் எடுப்பித்துவிட்டாராம்.

"ஆர் எழுதினது?" என்று நான் கேட்டேன்.

லொரென்சா கொப்பியைப் பார்த்தாள். "டொத்தோரே வசால்லோ. எழுபத்து நாலில். அவருக்குப் பேர் வந்ததே அந்தக் கட்டுரையால்தான்."

அப்போதுதான் எனக்குச் சங்கதி முழுவதும் விளங்கியது, விளங்கியபோது உடம்பு எரிந்தது. அந்த ஐந்து பூச்சியும் ஐம்பது வருடமாக அவருடைய வீட்டிலேயே கிடந்தன. நல்ல கண் இருந்த காலத்தில் அவர் பார்க்கவில்லை, இல்லை என்று எழுதிவிட்டவர் ஏன் பார்க்கப் போகிறார்? கண் போன பிறகு கரவெட்டிக்காரி ஒருத்தி பார்த்துச் சொன்னாள். ஒன்றில் தான் பிழை, இல்லாவிட்டால் அவள் பிழை. மனுசன் ஒரு கிழமைகூட யோசித்திருக்க மாட்டார். வேலைக்காரி என்று ஒரு சொல் கையில் இருந்தது, எடுத்துப் போட்டார். பாதிரியார் மேல் சொன்ன அதே பொய்யை அக்கா மேலும் சொன்னார்.

லொரென்சா மன்னிப்புக் கேட்டாள். அந்த வரியை எடுத்துவிடுவதாகச் சொன்னாள். அக்காவுக்குக் கட்டுரையின் முடிவில் நன்றி எழுதுவதாகவும், வெயில் சமாசாரத்தை மரியாதைக்காக 'பாதுகாப்பு நடவடிக்கையின்போது' என்று எழுதலாம் என்றும் சொன்னாள்.

"வேண்டாம்" என்றார் அக்கா. "வெயிலிலை வைச்சது நான். நிறம் போனது என்னாலை. அதை அப்பிடியே எழுதுங்கோ, என்ரை முழுப்பேரையும் போட்டு. நான் செய்தது கிடக்கட்டும். செய்யாததை எடுங்கோ."

"நன்றி?"

"நன்றி எனக்கெதுக்கு? உந்தக் கொப்பியிலை கிடக்கிறது பொய்யெண்டு எழுதுவியளோ, மாட்டியளோ?"

லொரென்சா தயங்கினாள். செத்த மனிதர், மருமகன் சம்மதிக்க வேண்டும், மியூசியம் சேகரிப்பை அவர் பெயரில்தான் வைக்கப் போகிறது. அக்கா கைப்பையிலிருந்து கையெழுத்து வைக்காத கடதாசியை எடுத்து, நாலாக மடித்து, லொரென்சாவின் கோப்பைக்குக் கீழே வைத்தார். "அப்ப உதிலை உங்கடை டொத்தோரேயைக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

லொரென்சாவைப் பற்றி ஒன்று சொல்லத்தான் வேண்டும். அவள் எழுதினாள். ஒக்டோபரில் கட்டுரை வந்தது. பாதிரியாரின் பூச்சிக்குப் பழைய பெயர் திரும்பக் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தில், குகனேஸ்வரி தவராசா ஐந்து நாள் பெட்டியை வெயிலில் வைத்தார், நிறம் மங்கியது, லேபிள்களைத் தொடவில்லை, பின் இறகின் ஜன்னலை முதலில் கண்டு சொன்னவர் அவரே என்று இருந்தது. அடுத்த வரியில், டொத்தோரே வசால்லோவின் குறிப்பு தவறானது, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றும் இருந்தது. நான் அச்செடுத்து அக்காவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். சந்தோசப்படுவார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார். "ரண்டாந்திகதி என்னோடை வாறியோ?"

நவம்பர் இரண்டாம் தேதி பலெர்மோ முழுக்க, செத்தவர்களைப் பார்க்கச் சுடலைக்குப் போகிற நாள். கிறிசாந்தம் பூவும் பிள்ளைகுட்டியுமாக பஸ் நிறையச் சனம். டொத்தோரே செத்த வருடத்திலிருந்து அக்காவும் போகிறவர். மருமகன் போவதில்லை. அக்காதான் கல்லைக் கழுவி, பூ வைத்து, எங்கள் முறைக்கு ஒரு சாம்பிராணிக் குச்சியும் கொளுத்திவிட்டு வருவார். அந்த வருடமும் வெள்ளைக் கிறிசாந்தம் ஒரு கட்டு வாங்கினார். அப்போ மன்னித்துவிட்டார் என்று நான் நினைத்தேன். எனக்கு அதுவும் கோபம். ஏன் எப்போதும் நாங்களே மன்னிக்க வேண்டும்?

கல்லைக் கழுவினார். ஒட்டடை தட்டினார். பிறகு இடுப்பில் கையை வைத்து நின்று, டொத்தோரேக்கு விளங்க வேண்டும் என்பதற்காக இத்தாலியனில், பக்கத்துச் சனமெல்லாம் திரும்பிப் பார்க்க, தொடங்கினார். ஒன்பது வருடம் மரியாதையாகக் கூப்பிட்டவரை 'நீ' என்றார்.

"நான் வெயிலிலை வைச்சதை ஒளிச்சனானோ? வந்து சொன்னனான் தானே? நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை? முகத்துக்கு நேரை கேட்டிருந்தால் அண்டைக்கே காட்டியிருப்பனே. நீ எழுதிப் போட்டு, பிறகும் என்ரை கையாலை மூண்டு வருசம் சாப்பிட்டனி. ஒவ்வொரு நாளும் 'குகானா, இது என்ன நிறம், அது என்ன நிறம்' எண்டு என்ரை கண்ணாலைதானே பாத்தனி. அந்தக் கண்ணை நம்பாட்டில் ஏன் கேட்டனி? கள்ளன். படிச்ச கள்ளன்."

ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். செத்தவர்களைப் பற்றிக் கெட்டது கதைக்கக் கூடாது என்று எங்கள் ஆட்களும் சொல்வார்கள், இத்தாலியரும் சொல்வார்கள். செத்தவர் உயிரோடிருப்பவரைப் பற்றிக் கெட்டதை எழுதி வைத்துவிட்டுப் போகலாமா என்று யாரும் கேட்பதில்லை. நான் அக்காவின் கையைப் பிடிக்கவில்லை, போவோம் என்றும் சொல்லவில்லை. நன்றாகக் கத்தட்டும் என்று பக்கத்தில் நின்றேன். அக்காவின் கன்னம் நனைந்திருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

முடிந்ததும் பூக்கட்டை எடுத்தார். டொத்தோரேயின் கல்லைத் தாண்டினார். இரண்டு கல் தள்ளி யாரோ ஒருவருடைய பழைய கல், படம் உடைந்து, பெயர் பாதி அழிந்து, பூ இல்லாமல் கிடந்தது. அதில் வைத்தார்.

"அது ஆர் அக்கா?" என்று கேட்டேன்.

"ஆருக்குத் தெரியும்" என்றார். "என்னைப் பற்றி ஒண்டும் எழுதி வைக்காத மனுசன்."